கம்ப்யூட்டர் நின்றுபோனால் குற்றவாளி யார்?



போன மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. கூண்டில் நின்றவள் என் தங்கை. வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை நீலத்திரை காட்டி, தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. "இவ கண்ட கேமையும் இறக்கி வைக்கிறா, அதான்" என்றார் அப்பா. "வைரஸ்தான் தம்பி, ஃபார்மேட் போட்டுடலாம்" என்றார் கடைக்கார அண்ணன். இரண்டு தடவை ஃபார்மேட் போட்டாயிற்று. மூன்றாம் நாளே பழைய குருடி கதவைத் திறடி. என் செமஸ்டர் ரிப்போர்ட் பாதியில் பறிபோன அன்று நானும் அவளைத்தான் திட்டினேன்.

தீர்ப்பு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த வழக்குக்காக அங்கே இங்கே படிக்கப் போன இடத்தில்தான் ஒரு விஷயம் புரிந்தது. கம்ப்யூட்டர் எவ்வளவு பழசோ, இந்தச் சண்டையும் அவ்வளவு பழசு. தப்பு மெஷின் மேலா, புரோகிராம் மேலா, அல்லது அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் மேலா? 80 வருடமாக இதே கேள்விதான். பெரும்பாலும் முதலில் மாட்டுவது ஆள்தான்! அந்தச் சரித்திரத்தைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும் :-)

வால்வு போன காலம்

1946-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்குள் இருந்தவை சுமார் 18,000 வால்வுகள். தாத்தா காலத்து வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் நாலைந்து வால்வு இருக்கும். அதிலேயே அடிக்கடி ஒன்று போய்விடும். 18,000 என்றால் யோசித்துப் பாருங்கள். இது ஓடவே ஓடாது என்று பல நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள்.

அதைக் கட்டிய எக்கர்ட் ஒரு காரியம் செய்தார். வால்வுகளை அவற்றின் முழு சக்திக்கு ஓட்டாமல், அளவைக் குறைத்தே ஓட்டினார். இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். வால்வுகள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது போவதில்லை, சூடேறும்போதும் ஆறும்போதும்தான் போகின்றன. அதனால் மெஷினை அணைக்காமலே வைத்தார்கள். அதற்குப் பிறகு சராசரியாக இரண்டு நாளுக்கு ஒரு வால்வு என்ற கணக்குக்கு வந்தது. 1954-ல் ஒரு தடவை தொடர்ந்து 116 மணி நேரம் பழுதே இல்லாமல் ஓடியிருக்கிறது. அதுதான் அதன் சாதனை.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த மெஷினுக்கு புரோகிராம் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்னல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பைலஸ், ரூத் லிக்டர்மன். அவர்களுக்கென்று கையேடு எதுவும் கிடையாது. மின்சுற்று வரைபடங்களைப் பார்த்தே மெஷினைக் கற்றுக்கொண்டார்கள். கணக்கும் தெரியும், மெஷினும் தெரியும் என்பதால், விடை தப்பாக வந்தால் ஏறக்குறைய எந்த வால்வு போயிருக்கிறது என்கிற அளவுக்கு அவர்களால் சொல்ல முடிந்தது. 1946-ல் எடுத்த புகைப்படங்களில் இவர்கள் யார் என்றுகூட நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை!

பூச்சி மாட்டிய நாள்

அடுத்து எல்லோருக்கும் தெரிந்த கதை. 1947 செப்டம்பர் 9. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கம்ப்யூட்டர் தப்பு செய்துகொண்டிருந்தது. அது வால்வு மெஷின் அல்ல, ரிலே என்ற மின்காந்த சுவிட்சுகளால் ஆனது. திறந்து தேடினால், எஃப் பேனலில் 70-வது ரிலேயில் ஒரு அந்துப்பூச்சி மாட்டிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்து, வேலைக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டிவைத்தார்கள். அந்தக் குறிப்பேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"பக்" என்ற சொல்லே இதிலிருந்துதான் வந்தது என்று சொல்வார்கள். அது சரியில்லை. இயந்திரக் கோளாறுக்கு அந்தச் சொல்லை 1878-லேயே எடிசன் ஒரு கடிதத்தில் பயன்படுத்தியிருக்கிறார். பூச்சியைக் கண்டுபிடித்தது கிரேஸ் ஹாப்பர் என்பதும் சரியில்லை. அவர் அந்தக் குழுவில் இருந்தவர், கதையைச் சுவையாகச் சொல்லிப் பரப்பியவர்.

நான் கவனித்தது பூச்சியை அல்ல, குறிப்பேட்டை. எத்தனை மணிக்கு எந்தச் சோதனை ஓட்டினோம், என்ன ஆயிற்று, எங்கே தேடினோம் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் இருந்ததால்தான் பூச்சிக்கும் ஒரு பக்கம் கிடைத்தது.

நோயை வரவழைத்துப் பிடிப்பது

இடைவிட்டு வரும் பழுதுதான் மகா மோசம். ஒரேயடியாகச் செத்துப்போன பாகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். மெக்கானிக் பக்கத்தில் வந்தவுடன் நல்ல பிள்ளையாக ஓடி, அவர் போனவுடன் நின்றுபோகும் வண்டியை என்ன செய்வது?

இதற்கு ஒரு அருமையான வழியைக் கண்டுபிடித்தவர்கள் எம்.ஐ.டி.யில் வேர்ல்விண்ட் கம்ப்யூட்டரைக் கட்டியவர்கள். ஜே ஃபாரஸ்டர் தலைமையில் 1950-ஐ ஒட்டிய வருடங்களில் நடந்த வேலை இது. வானில் வரும் விமானங்களை நேரத்துக்கு நேரம் கணக்குப் போட வேண்டிய மெஷின், நடுவில் நிற்கக் கூடாது. ஆகவே வேலை தொடங்கும் முன்பே சோதனை புரோகிராமை ஓட்டவிட்டு, மின்னழுத்தத்தை வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றுவார்கள், கொஞ்சம் இறக்குவார்கள். நல்ல வால்வு தாங்கும். நாளையோ அடுத்த வாரமோ போகப் போகிற பலவீனமான வால்வு அப்போதே தப்பு செய்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உடனே மாற்றிவிடலாம்.

தானாக எப்போது வரும் என்று காத்திருக்காமல், நோயை நாமே வரவழைப்பது! இன்று புதுக் கம்ப்யூட்டர் கட்டுபவர்கள் ராத்திரி முழுக்க ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டுகிறார்களே, அதன் தாத்தா இதுதான்.

உறையிலிருந்து வந்த எதிரி

1970-களில் வால்வும் போய், சிலிக்கான் சிப்பு வந்தது. இனிமேல் பிரச்சினை இருக்காது என்று நினைத்தார்கள். இன்டெல் கம்பெனியின் மெமரி சிப்புகளில் ஒரு விநோதம் நடந்தது. எப்போதாவது ஒரு 1 தானாக 0 ஆகிவிடும். சிப்பைச் சோதித்தால் பழுதே இல்லை. மறுபடி எழுதினால் ஒழுங்காக ஞாபகம் வைத்துக்கொள்ளும். பேய் வேலை மாதிரிதான்.

இன்டெலில் வேலை பார்த்த திமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் 1978-ல் விடை சொன்னார்கள். சிப்பைப் பொதிந்திருக்கும் பீங்கான் உறையில் மிக நுண்ணிய அளவில் யுரேனியம், தோரியம் கலந்திருந்தது. அதிலிருந்து வரும் ஆல்பா துகள் ஒன்று மெமரியின் ஒரு சிறு அறையில் விழுந்தால் போதும், அங்கே சேமித்த மின்னூட்டம் குலைந்துவிடும். அதாவது எதிரி வெளியிலிருந்து வரவில்லை, போட்டிருந்த சட்டைக்குள்ளேயே இருந்தான். அதற்குப் பிறகு உறைக்கான பொருளைச் சுத்தமாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருடமே ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் ஜீக்லர் இன்னொருவருடன் சேர்ந்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதைச் செய்யும் என்று எழுதினார். ஐ.பி.எம். பின்னாளில் மெமரி சிப்புகளை எடுத்துக்கொண்டு, கொலராடோ மாநிலத்தில் 3,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் லெட்வில் என்ற மலையூருக்கே போய்ச் சோதித்தது. மேலே போகப் போகத் தப்பு பல மடங்கு கூடியது. பூமிக்கு அடியில் கொண்டுபோனால் கிட்டத்தட்ட மறைந்தது. ஒரு காரணத்தைச் சந்தேகித்தால் அதைக் கூட்டிப் பார், குறைத்துப் பார். வேர்ல்விண்ட் ஆட்கள் மின்னழுத்தத்தில் செய்ததை இவர்கள் மலையை வைத்துச் செய்தார்கள்.

இது ஏதோ ஆய்வகச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2003 மே மாதம் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில், பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு விழவே முடியாத அளவுக்கு ஓட்டு விழுந்திருந்தது. திரும்ப எண்ணியபோது, அதிகமாகச் சேர்ந்திருந்தது மிகச் சரியாக 4096 ஓட்டு. கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்தவுடன் பொறி தட்டும். 2-ஐ 12 தடவை பெருக்கினால் 4096. மெமரியில் ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1 ஆக மாறியிருந்தால் இந்த வித்தியாசம் வரும். புரோகிராமில் எந்தத் தப்பும் கிடைக்காததால், பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள். நல்ல வேளை, எண்ணிக்கை அபத்தமாக இருந்ததால் பிடிபட்டது. நூறு ஓட்டு மட்டும் கூடியிருந்தால்?

கணக்கு வாத்தியாரின் நான்கு மாதம்

இப்போது என் ஹீரோவின் கதை. தாமஸ் நைஸ்லி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் என்ற சிறிய கல்லூரியில் கணிதப் பேராசிரியர். இரட்டைப் பகா எண்களை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் (11, 13 மாதிரி, 17, 19 மாதிரி ஜோடிகள்). பல கம்ப்யூட்டர்களில் மாதக்கணக்காகக் கணக்கு ஓடும். 1994-ல் அந்தக் கூட்டத்தில் புதிதாக ஒரு பென்டியம் மெஷினையும் சேர்த்தார்.

ஜூன் 13 அன்று விடைகள் ஒத்துவரவில்லை என்பதைக் கண்டார். நானாக இருந்தால் "கம்பெனி சிப்பு தப்பு செய்யுமா, நம்ம கோடுதான் தப்பு" என்று விட்டிருப்பேன். அவரும் முதலில் தன்னைத்தான் சந்தேகித்தார். தன் புரோகிராமைச் சரிபார்த்தார். பிறகு மதர்போர்டு. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார். பழைய 486 மெஷினில் விடை சரி. பென்டியத்திலேயே தசமக் கணக்குப் பிரிவை முடக்கிவிட்டு ஓட்டினால் அதுவும் சரி. நான்கு மாதம் கழித்து அக்டோபரில்தான் சிப்பின் வகுத்தல் சுற்றே தப்பு என்று உறுதி செய்தார். 1-ஐ 824633702441 என்ற எண்ணால் வகுத்தால், எட்டு இலக்கத்துக்குப் பிறகு பென்டியம் சொன்னதெல்லாம் தப்பு.

காரணம் என்ன? வேகமாக வகுப்பதற்காகச் சிப்புக்குள் ஒரு அட்டவணை வைத்திருந்தார்கள். நம் வாய்ப்பாடு மாதிரி. அதில் ஐந்து இடங்களில் இருக்க வேண்டிய மதிப்பு விடுபட்டிருந்தது. அந்த இடத்தைத் தொடும் எண் வந்தால் விடை தப்பு, மற்றபடி எல்லாம் சரி.

இன்டெலுக்குத் தெரிவித்தார். உருப்படியான பதில் இல்லை என்றதும் அக்டோபர் 30 அன்று தெரிந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் மெஷினிலும் பாருங்கள் என்றார். அது இணையம் முழுக்கப் பரவியது. அந்த வருட நடுவிலேயே இன்டெல் பொறியாளர்களுக்கு இந்தத் தப்பு தெரிந்திருந்தது என்பது பிறகு வெளிவந்தது! சாதாரண ஆள் 27,000 வருடத்துக்கு ஒரு தடவைதான் இதைச் சந்திப்பார் என்று இன்டெல் கணக்குச் சொன்னது. மாற்று சிப்பு வேண்டுமென்றால் உங்களுக்கு அது ஏன் அவசியம் என்று நிரூபியுங்கள் என்றது. 24 நாளுக்கு ஒரு தடவைகூட வரலாம் என்று ஐ.பி.எம். வேறு கணக்குச் சொல்லி, டிசம்பர் 12 அன்று பென்டியம் மெஷின்களை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20 அன்று இன்டெல் இறங்கிவந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் புதுச் சிப்பு. செலவு 47.5 கோடி டாலர்.

ஒரு சின்ன ஊர்க் கணக்கு வாத்தியார் எப்படி ஜெயித்தார்? சத்தம் போட்டு அல்ல. யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் தன் மெஷினில் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு வகுத்தல் கணக்காகப் பிரச்சினையைச் சுருக்கித் தந்தார். அதை எந்தக் கம்பெனியாலும் மறுக்க முடியவில்லை.

வேறு வேறு இடத்தில் நின்றால்

அதே 1990-களில் லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு தலைவலி. கெர்னலைக் கம்பைல் செய்யும்போது, கம்பைலர் "சிக்னல் 11" என்று சொல்லிவிட்டுச் செத்துப்போகும். கம்பைலரைத் திட்டினார்கள், லினக்ஸைத் திட்டினார்கள். "விண்டோஸில் எல்லாம் நன்றாக ஓடுகிறதே!" என்பது வழக்கமான வாதம்.

அனுபவசாலிகள் ஒரு எளிய சோதனை சொன்னார்கள். மறுபடி கம்பைல் செய். அதே ஃபைலில், அதே இடத்தில் நின்றால் மென்பொருள் தப்பாக இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் வன்பொருளைப் பார். புரோகிராம் என்பது ஒரே கட்டளைகளை ஒரே வரிசையில் செய்வது. அதன் தப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும். பழுதான மெமரிக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. கம்பைலர் மெமரியை முழுக்க நிரப்பி, ஒரு முகவரியிலிருந்து அடுத்த முகவரிக்குத் தாவித் தாவி ஓடும். ஒரு பிட் மாறினால் இல்லாத இடத்துக்குத் தாவி விழுந்துவிடும்.

மெமரியைச் சோதிப்பதற்கென்றே 1994-ல் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86 வந்தது. இது விண்டோஸோ லினக்ஸோ இல்லாமல் தானே பூட் ஆகும். இயங்குதளம் ஓடினால் மெமரியின் ஒரு பகுதியை அது பிடித்துக்கொள்ளும், அங்கே சோதிக்க முடியாது. இது தனியாக நின்று, ஒவ்வொரு அறையிலும் பலவித வடிவங்களை எழுதி, திரும்பப் படித்து, ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். மெஷினை ஆன் செய்தவுடன் நடக்கும் மெமரி சோதனை வெறும் தலை எண்ணுவது மாதிரி. இது ஒவ்வொருவரையும் எழுப்பி நிறுத்தித் தேர்வு வைப்பது.

வீங்கிய கெப்பாசிட்டர்கள்

2000-களின் முதல் பாதியில் மதர்போர்டு வாங்கியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். ஒன்றிரண்டு வருடம் ஓடிய மெஷின் திடீரென்று ஹேங் ஆகும், ரீஸ்டார்ட் ஆகும், பிறகு ஒரு நாள் ஆன் ஆகாது. மூடியைத் திறந்தால், பிராசசரைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன உருளைகளின் தலை வீங்கி, சில பழுப்பாகக் கசிந்திருக்கும். அவைதான் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். பிராசசருக்குப் போகும் மின்சாரத்தை மேடு பள்ளம் இல்லாமல் சீராக்குவது அவற்றின் வேலை. உள்ளே இருக்கும் திரவம் சரியில்லாததால் வாயு உண்டாகி வீங்கின. ஒரு கம்பெனியிலிருந்து திருடிய ஃபார்முலா அரைகுறையாக இருந்ததுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு. கதை பிரபலம், நிரூபணம் ஆகவில்லை.

இதில் டெல் கம்பெனியின் ஆப்டிபிளெக்ஸ் மெஷின்கள் பெருமளவில் மாட்டின. 2005-ல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்கியது. ஒரு வழக்கின் ஆவணங்கள் வெளியானபோது 2010 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் எழுதிய செய்தியைப் படித்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் மெஷின்கள் வரிசையாகப் போயின. டெல் ஆட்கள் பார்த்துவிட்டுச் சொன்ன காரணம்: நீங்கள் ரொம்பக் கஷ்டமான கணக்கெல்லாம் போடச் சொல்லி மெஷினை வதைத்துவிட்டீர்களாம்!

கணக்குத் துறையில் கணக்குப் போட்டது குற்றம். எங்கள் வீட்டில் கேம் ஆடியது குற்றம் மாதிரி.

நடக்க முடியாத தப்பு

மறுபக்கமும் உண்டு. விண்டோஸ் என்றாலே நீலத்திரை என்று நாம் கிண்டல் செய்கிறோம். மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ரேமண்ட் சென் 2005-ல் ஒரு விஷயம் எழுதினார். பயனாளர்களிடமிருந்து வந்த பழுது அறிக்கைகளை அலசியபோது, சில புரோகிராம்கள் நிற்கவே முடியாத இடத்தில் நின்றிருந்தன. மெமரியைத் தொடவே தொடாமல், பிராசசருக்குள்ளேயே ஒரு எண்ணைப் பூஜ்யமாக்கும் கட்டளை. அதில் தப்பு வர வழியே இல்லை. விசாரித்துப் பார்த்தால் பல மெஷின்கள் ஓவர்கிளாக் செய்யப்பட்டவை, அதாவது சிப்பை அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட்டியவை. அதில் சிலருக்குத் தாங்கள் வாங்கிய மெஷின் அப்படிப்பட்டது என்றே தெரியாது. விற்ற கடையே ஓட்டிவிட்டுக் கொடுத்திருக்கிறது!

2011-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் சுமார் பத்து லட்சம் சாதாரண கம்ப்யூட்டர்களின் தகவலை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வன்பொருள் பழுதால் ஒரு தடவை நின்ற மெஷின் இன்னொரு தடவை நிற்கும் வாய்ப்பு, முதல் தடவை நிற்பதற்கான வாய்ப்பைவிட நூறு மடங்கு வரை அதிகம். 2009-ல் கூகிள் தன் சர்வர்களை வைத்துச் செய்த ஆய்வும் இதையே சொன்னது. ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மெமரி அட்டைகளில் தப்பு தென்பட்டது. அதில் பெரும்பாலானவை காஸ்மிக் கதிர் மாதிரி வந்து போகிற தப்பு அல்ல, அட்டையிலேயே இருக்கும் நிரந்தரப் பழுது.

ஆக, ஒரு தடவை நின்றால் வானத்தைக் காட்டலாம். மறுபடி மறுபடி நின்றால் பெட்டியைத் திறக்க வேண்டும்.

நம் காலத்திலும் அதே கதை

இதெல்லாம் பழங்கதை என்றால், 2021-ல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் எழுதியதைப் பாருங்கள். சுருக்கி வைத்த ஃபைல்களை விரிக்கும்போது சில ஃபைல்கள் காணாமல் போயின. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. தேடித் தேடிப் போனால் ஒரே ஒரு மெஷினில், அதன் பிராசசரின் ஒரே ஒரு கோரில், 1.1-ன் 53-ஆம் அடுக்கை முழு எண்ணாகக் கேட்டால் 156 என்பதற்குப் பதில் 0 என்றது. 52-ஆம் அடுக்கைக் கேட்டால் ஒழுங்காக 142 என்றது. ஃபைலின் அளவு 0 என்றால் அதை விரிக்கவே வேண்டாம் என்று புரோகிராம் விட்டுவிட்டது. நைஸ்லியின் கதை திரும்ப வந்த மாதிரி இல்லை?

2023, 2024-ல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர் வாங்கியவர்கள் பட்டது இன்னும் பாடு. கேம் திறந்தால் "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி மூடிக்கொள்ளும். எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள், டிரைவரை மாற்றினார்கள். உண்மையில் கேம் தன் ஃபைல்களை விரிக்கும்போது பிராசசர் தப்பு செய்தது. பிராசசர் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கேட்டு, நாளடைவில் தன்னைத்தானே கெடுத்துக்கொண்டிருந்தது. 2024 ஜூலையில் இன்டெல் மின்னழுத்தக் கோளாறை ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்தது, வாரண்டியை இரண்டு வருடம் கூட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைத் திருத்தம் குணப்படுத்தாது, மாற்றத்தான் வேண்டும்.

திரையில் வரும் செய்தி, புகார் கொடுப்பவர் சொல்வது மாதிரி. அது எங்கே வலித்தது என்று சொல்லும். யார் அடித்தது என்று அதற்கே தெரியாது.

தீர்ப்பு

இவ்வளவையும் படித்த பிறகு, நான் ஒரு நோட்டு எடுத்தேன். எப்போது நின்றது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு வாரம் எழுதினேன். கேம் ஆடும்போது நான்கு தடவை. ரிப்போர்ட் அடிக்கும்போது மூன்று. யாரும் தொடாமல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு. நீலத்திரையில் வந்த காரணம் ஒவ்வொரு தடவையும் வேறு. வேறு வேறு இடத்தில் நின்றால்... ஆமாம், அதேதான்.

ராத்திரி மெம்டெஸ்ட் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். பெட்டியில் இரண்டு ராம் இருந்தது. ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், சுத்தம். மற்றதைத் தனியாகப் போட்டு ஓட்டினேன், சிவப்பு. ஸ்லாட் பழுதாக இருக்குமோ என்று அதே ராமை அடுத்த ஸ்லாட்டில் மாற்றிப் போட்டேன், அங்கேயும் சிவப்பு. பழுது ஸ்லாட்டோடு நிற்காமல் ராமோடு நடந்து வந்தது. அதன் பிறகு சந்தேகம் இல்லை. அந்த ராமைக் கழற்றி இன்றோடு மூன்று வாரம், ஒரு நீலத்திரை இல்லை.

உங்கள் மெஷினும் இப்படிப் படுத்தினால் நான் இந்தச் சரித்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன்:

1. முதலில் உங்கள் ஃபைல்களை வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். பழுதான மெமரி ஃபைல்களையும் கெடுக்கும்.
2. எழுதி வையுங்கள். ஞாபகம் நமக்குப் பிடிக்காத ஆளின் பக்கமே கை காட்டும்.
3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது.
4. ஓவர்கிளாக் இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். ராம், பிறகு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், சூடு, டிஸ்க் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.
5. ஃபார்மேட் போட்டும் திரும்ப வந்தால், மூன்றாம் தடவை ஃபார்மேட் போடாதீர்கள்!

அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, அந்தப் புது ராம் எவ்வளவு ஆகும்?" என்றார். அவ்வளவுதான். தங்கையிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், ஒரு கோன் ஐஸும் வாங்கிக்கொடுத்தேன். அவள் நோட்டை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை:

"யாரும் தொடாதப்பவும் நின்னுச்சுன்னு நான் முதல் நாளே சொன்னேனேண்ணா, அதை ஏன் அப்பவே எழுதல?"

அடுத்த பதிவில் சந்திப்போம்.